ஆயுதம் இருக்கிற வீடு

சனிக்கிழமை காலையில் முனிகிருஷ்ணன் தன் ஆயுதப் பெட்டியைத் திறந்தபோது, அதில் ஒரு பென்சிலும் ஒரு கரப்பான் பூச்சியும் இருந்தன. பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டான். கரப்பான் தானாக இறங்கிப் போனது.

"எங்க உன் ஆயுதமெல்லாம்?" என்றாள் கனகாம்பாள், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே.

"கீது."

"எங்க கீது?"

"அதது எடத்துல அதது கீது."

தச்சனின் ஆயுதம் தச்சனின் பெட்டியில் இருக்கவேண்டும் என்பது கனகாம்பாளின் கட்சி. முனிகிருஷ்ணனின் கட்சி வேறு. இரண்டு கட்சிக்கும் ஏழு வருஷமாக ஒத்துப்போகவில்லை.

கும்மிடிப்பூண்டியில் முனிகிருஷ்ணனுக்கு வேலை இல்லாத நாளே கிடையாது. வேலை முடிந்த நாளும் கிடையாது. யாரிடமும் சம்பளத்துக்கு நிற்காமல், கூப்பிட்ட வீட்டுக்குப் போய்ச் செய்துகொடுக்கிற தச்சன் அவன். வேலைகளை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தான். பெஞ்சு, முக்காலி, தாழ்ப்பாள் என்று சட்டென்று முடியக்கூடியது சில்லறை வேலை. கதவு, கட்டில், அலமாரி என்று இழுக்கக்கூடியது பெரிய வேலை. சில்லறை வேலை வயிற்றுக்கு, பெரிய வேலை மரியாதைக்கு என்பான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய வேலையில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வந்து முக்காலி என்பார்கள். அரை நாள்தானே என்று எழுந்து போவான். அங்கே உட்கார்ந்திருக்கும்போது வேறு யாராவது வந்து அலமாரி என்பார்கள். அதை விட மனசு வராது. வருகிற வாடிக்கையை வேண்டாம் என்று சொல்கிற நாக்கை ஆண்டவன் அவனுக்கு வைக்கவில்லை.

இத்தனை பேரையும் கையை விட்டுப் போகாமல் வைத்திருக்க அவனிடம் ஒரு வழி இருந்தது. அந்தப் பக்கத்துத் தச்சர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வீட்டில் ஒரு தச்சனின் ஆயுதம் இருந்தால், இன்னொரு தச்சன் அந்த வேலையில் கை வைக்கமாட்டான். வைத்தால் சங்கத்தில் கேள்வி வரும். ஆகவே முனிகிருஷ்ணன் நல்ல நாள் பார்த்து ஒரு வீட்டுக்குப் போவான். பலகைக்கு மஞ்சள் குங்குமம் வைப்பான். நாலு இழுப்பு இழைப்பான். "மரம் இன்னும் காயணும்" என்று முகத்தைச் சுளிப்பான். பிறகு ஒரு ஆயுதத்தை மூலையில் சாத்திவிட்டுக் கிளம்புவான்.

"ஆயுதம் இங்கதான கீது? ஆளு எங்க பூடப் போறான்?" என்பான்.

வீட்டுக்காரர்களும் நிம்மதியாக இருப்பார்கள். ஆயுதம் இருக்கிற வீட்டுக்குத் தச்சன் வந்துதானே ஆகவேண்டும். மூலையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் வேலை நடந்துகொண்டிருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றும். இப்படித்தான் ரம்பம் செவ்வாப்பேட்டைக்கும், இழைப்புளி கடைவீதிக்கும், உளிக்கட்டு பழவேற்காட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. போன ஆயுத பூஜைக்கு முனிகிருஷ்ணன் பென்சிலுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டான்.

இந்த ஏற்பாட்டில் எல்லாருக்கும் சௌகரியம், கனகாம்பாளைத் தவிர. வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்வது அவள் பொறுப்பு. திருத்தணிக்குப் போயிருக்கிறார், காய்ச்சலாகப் படுத்திருக்கிறார், சித்தப்பா செத்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லி, இல்லாத சித்தப்பாக்களையெல்லாம் சாகடித்தாயிற்று. கடைத்தெருவுக்குப் போனால் முக்காடு போட்டுக்கொண்டு போகவேண்டியிருந்தது.

இந்த நிலைமையில்தான் முந்தின நாள் சாயங்காலம், ஸ்டேஷனெதிரே டீக்கடையில், மானேஜர் பூவராகவன் அவனைப் பிடித்தார். டெரிலின் சட்டை, கறுப்புக் கண்ணாடி, வெளியே அம்பாசடர் கார். ஊருக்கு வெளியே சர்க்கார் தொழிற்பேட்டைக்கென்று அளந்து கல் நட்டிருந்த பொட்டலில் பாய்லர் கம்பெனி வரப்போகிறது என்றார்.

"ஒரு வருஷத்து வேலை மேஸ்திரி. கதவு, ஜன்னல், ஆபீஸ் மேஜை, அப்புறம் சரக்கு அனுப்ப மரப்பெட்டி. செஞ்சு மாளாது. திங்கக்கிழமை காலைல வந்துடணும். ஆனா ஃபுல் செட்டோட வரணும். ரம்பம், இழைப்புளி, உளி, எதுவும் குறையக் கூடாது."

"ஏன் சார், மொத நாளே எல்லாம் வேணுமா?"

"மேலேருந்து ஒரு ஆபீசர் பார்க்க வர்றார். பார்த்தா வேலை நடக்கிற கம்பெனியாத் தெரியணும் இல்லையா? செட் இல்லாத ஆளை நான் எடுக்கிறதில்லை."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கனகாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"சங்கு ஊதுவாங்களா?"

"ஊதாம? கம்பெனின்னா சங்கு இல்லாமயா?"

"காலைல ஊதினா போவணும், சாயங்காலம் ஊதினா வரணும். அப்படித்தான?"

"அப்படித்தான்."

கனகாம்பாள் கொடியிலிருந்து இரண்டு புடவையை உருவி ஒரு பையில் வைத்தாள்.

"இன்னாத்துக்குப் பை?"

"இந்த வேலை கெடச்சா பைய பிரிச்சுடறேன். கெடைக்கலன்னா பொன்னேரிக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் பூடறேன். வர்றவங்களுக்கு இனிமே நீயே பொய் சொல்லிக்க. எனக்கு வாய் நோவுது."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் முனிகிருஷ்ணன் கவலைப்பட்டிருக்கமாட்டான். சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் சனிக்கிழமை விடிந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

முதலில் கடைவீதிக்கு, அருணாச்சலத்தின் டீக்கடைக்கு, சைக்கிளில் போனான். அருணாச்சலம் நாலு பெஞ்சு கேட்டிருந்தார். வேலை ஒரு பெஞ்சின் இரண்டு கால் வரைக்கும் முன்னேறியிருந்தது. மறுபக்கத்துக்குச் செங்கல் அடுக்கி, ஜனங்கள் அதிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கல் பக்கம் உட்கார்கிறவர்களுக்கு ஆட்டம் இல்லை.

இழைப்புளி வைத்த மூலையில் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியின் மேல் மல்லாத்தி ஆணி அடிக்கப்பட்டிருந்தது. அருணாச்சலம் ஒரு பெரிய ஐஸ் கட்டியைச் சாக்கோடு பிடித்து அதன்மேல் தேய்த்துக்கொண்டிருந்தார். கீழே டம்ளரில் ஐஸ் பூவாக விழுந்தது.

"அண்ணே, அது இழைப்புளி."

"தெரியும்பா. சூப்பரா சீவுது. நன்னாரி சர்பத்துக்குப் பொடி ஐஸ் போட்டுத் தர்ற கடை இந்த ரோட்ல நம்ம கடைதான். மெட்ராஸ் வண்டி நின்னா கும்பல் அள்ளுது."

"எனக்கு அது வேணும்ண்ணே. திங்கக்கிழமை கம்பெனில சேர்றேன்."

"பேஷா எடுத்துக்க. பெஞ்சு?"

"சாயங்காலமா வந்து முடிச்சுத் தர்றேன்."

"எந்தச் சாயங்காலம்?"

முனிகிருஷ்ணன் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் திரும்பச் செருகிக்கொண்டான்.

"இதோ பாரு," என்றார் அருணாச்சலம், ஐஸைக் கீழே வைத்துவிட்டு. "ஆயுதம் இருந்தா ஆளு வருவான்னு நீதான சொன்னே. ஆயுதமும் பூடுச்சுன்னா நீ வரமாட்டேன்னு அர்த்தம். கடைல இதுக்குப் பதிலா ஒண்ணு கெடக்கணும். அப்பதான் என் மனசு ஆறும்."

"இன்னாண்ணே வெக்கறது?"

அருணாச்சலம் வாசலைப் பார்த்தார். வாசலில் சைக்கிள் நின்றிருந்தது.

அலகு முழுக்கத் துருவேறிப்போன இழைப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு முனிகிருஷ்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். ஒரு ஆயுதம் வந்துவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டான். பின்னால் அருணாச்சலம் யாரிடமோ, "நம்ம முனிகிருஷ்ணன் கம்பெனிக்குப் போறானாம்பா, இனிமே நம்மளையெல்லாம் எங்க கண்டுக்கப் போறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

செவ்வாப்பேட்டைக்கு இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறிப் போய்ச் சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. சாராள் டீச்சர் ரயிலடிக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்து ஒரு கிறிஸ்துமஸும் போய்விட்டது. சமையலறைக்குக் கதவு இல்லை. பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார். ரம்பம் கூடத்துச் சுவரில், வேத வசனம் போட்ட காலண்டருக்குக் கீழே, துடைத்து எண்ணெய் போட்டு மாட்டியிருந்தது.

"வாங்க முனிகிருஷ்ணன். உட்காருங்க," என்றார் டீச்சர்.

திட்டுகிறவர்களிடம் முனிகிருஷ்ணனுக்குப் பயம் இல்லை. வாங்க என்கிறவர்களைக் கண்டால்தான் பயம்.

"உங்களுக்காகச் சபையில வாரா வாரம் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கோம்."

"எனக்கு இன்னா டீச்சர்? நல்லாத்தான கீறேன்?"

"காணாமப் போனவங்களுக்கான ஜெபத்துல உங்க பேரைக் குடுத்திருந்தேன். கர்த்தர் கேட்டுட்டார்."

முனிகிருஷ்ணன் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்யை எடுத்தான். "ரம்பத்துக்குப் பல்லு தீட்டணும் டீச்சர். எடுத்துக்கினு போயி, ஜோராத் தீட்டி எடுத்தாந்து, ஒரே மூச்சா கதவ முடிச்சுடறேன்."

டீச்சர் ரம்பத்தை இறக்கி விரலால் தடவிப் பார்த்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நகத்தைப் பார்த்துப் பழகிய கை அது.

"பல்லு நல்லாத்தான் இருக்கு. எங்க, ஒரு பலகையை அறுத்துக் காட்டுங்க பார்க்கலாம்."

வேறு வழி இல்லை. கதவுக்கென்று வாங்கிப் போட்டிருந்த பலகைகள் திண்டு மாதிரி அடுக்கி, மேலே மாவு டப்பா வைத்திருந்தார்கள். முனிகிருஷ்ணன் பலகைகளை ஒன்றாக அடுக்கிச் சேர்த்துப் பிடித்து, சாணால் அளந்து, பென்சிலால் கோடு கிழித்தான். சாயங்கால ரயிலைப் பிடிக்கவேண்டும் என்கிற நினைப்பிலேயே கை ஓடியது. மடமடவென்று அறுத்து முடித்து வாசக்காலில் நிறுத்திப் பார்த்தான். மேலே சரியாக இருந்தது. கீழே ஒரு சாண் குறைந்தது.

இரண்டு பேரும் குனிந்து அந்த ஒரு சாணைப் பார்த்தார்கள்.

"காத்து வரும் டீச்சர்," என்றான் முனிகிருஷ்ணன்.

"பெருச்சாளியும் வரும்."

"அடில ஒரு ஒட்டுப்பலக குடுத்துடலாம். அது ஒரு மோஸ்தர். மெட்ராஸ்ல இப்ப எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"சரி. அந்த மோஸ்தரை முடிச்சுட்டு ரம்பத்தை எடுத்துட்டுப் போங்க."

அதற்குப் பிறகு முனிகிருஷ்ணன் உண்மையைச் சொல்லவேண்டியதாகிவிட்டது. திங்கட்கிழமை, பாய்லர் கம்பெனி, ஃபுல் செட், பொன்னேரி, புடவைப்பை எல்லாவற்றையும் சொன்னான். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். கனகாம்பாள் விஷயத்தில் மட்டும் இரண்டு தடவை தலையை ஆட்டினார்.

"உங்க சம்சாரத்துக்காகத் தர்றேன்," என்றார். "ஆனா சுவர்ல ஆணி காலியா இருந்தா எனக்கு நம்பிக்கை போயிடும்."

காலி ஆணியில் முனிகிருஷ்ணனின் கைக்கடிகாரம் தொங்கியது. கல்யாணத்துக்கு மச்சான் பொன்னேரியிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து கட்டிய கடிகாரம். கையில் கடிகாரம் இல்லாமல், நேரம் தெரியாமல் கிளம்பி, சாயங்கால ரயிலைத் தவறவிட்டு, கனகாம்பாள் தூங்கிய பிறகுதான் வீடு வந்து சேர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, கனகாம்பாள் எழுவதற்கு முன்பே கிளம்பி, பழவேற்காடு. செங்கம்மாள் ஏரியில் வருகிற இறாலும் மீனும் வாங்கிக் கூடையில் சுமந்து விற்கிறவள். கும்மிடிப்பூண்டிக்கு விற்க வந்தால் அருணாச்சலம் கடையில்தான் டீ குடிப்பாள். முனிகிருஷ்ணன் இதை மறந்துவிட்டிருந்தான்.

"வாய்யா கம்பெனிக்காரரே," என்றாள் செங்கம்மாள், அவன் படலைத் திறப்பதற்கு முன்பே.

அவள் மகள் சந்திரகலாவுக்கு வைகாசியில் கல்யாணம். சீர் வரிசையில் கட்டில் கொடுப்பதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒத்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் சட்டம் முற்றத்தில் கிடந்தது. அதன்மேல் வலை காயப்போட்டிருந்தார்கள். வலைக்கு மேல் இரண்டு கோழி உட்கார்ந்திருந்தன. உளிக்கட்டு மட்டும் வீட்டுக்குள் சாமி மாடத்தில், சந்தனம் காய்ந்து பொருக்குத்தட்டிப்போய், பத்திரமாக இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த மாலைகூட இன்னும் இருந்தது.

"அக்கா, உளி வேணும். நாளைக்கு ஒரு நாளு. சாயங்காலம் எடுத்தாந்து வச்சுட்டு, தெனம் ரெண்டு மணி நேரம் கட்டில் வேலை பாக்கறேன்."

"டீக்கடைல சைக்கிள வச்சியாமே?"

"ஆமாக்கா."

"வேற எங்க இன்னா வச்சே?"

"செவ்வாப்பேட்ட டீச்சர்கிட்ட வாட்ச்."

"எனக்கு இன்னா வெக்கப் போறே?"

முனிகிருஷ்ணன் தன்னை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டான். சட்டை, வேட்டி, காதில் பென்சில்.

"பென்சில் கீது," என்றான்.

செங்கம்மாள் சிரிக்கவில்லை. கோழியை விரட்டிவிட்டுக் கட்டில் சட்டத்தின்மேல் உட்கார்ந்தாள்.

"இதோ பாருய்யா. கட்டில் வரலன்னா மாப்பிள ஊட்ல எம் பொண்ண நிக்க வச்சு பேசுவாங்க. உனுக்கு இது வேலை. எனக்கு அவ மானம். பொருளெல்லாம் வெச்சா நீ பொருள வுட்டுட்டுப் பூடுவே. உன்ன எனக்குத் தெரியும். ஊட்டுக்காரிய அனுப்பு."

"இன்னாக்கா இது?"

"சும்மாவா கேக்கறேன்? கல்யாண ஊடு. அப்பளம் இடணும், வடாம் போடணும், அரிசி புடைக்கணும். எனக்கும் கை ஒதவியாச்சு. கட்டில் முடியற வரைக்கும் இங்க இருக்கட்டும். கூடப் பொறந்தவளாட்டம் வச்சுக்கறேன். மூணு வேளையும் மீன் கொழம்பு."

திரும்பி வரும் பஸ்ஸில் முனிகிருஷ்ணன் இதை எப்படிச் சொல்வது என்று பல விதமாக ஒத்திகை பார்த்தான். மீன் குழம்பிலிருந்து ஆரம்பிப்பது நல்லது என்று முடிவு செய்தான்.

"அக்கா உன்ன ரொம்ப விசாரிச்சாங்க," என்றான் வீட்டுக்குள் நுழைந்ததும். "ஏரி இறாலு இப்ப நல்ல பருவமாம்."

கனகாம்பாள் அவனுடைய வெறும் கையைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். வாசலில் சைக்கிள் இல்லாததைப் பார்த்தாள்.

"நானா?" என்றாள்.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. "ஒரே ஒரு நாளு. நாளைக்குச் சாயங்காலம் உளிய எடுத்தாந்து வச்சுட்டு உன்ன இட்டுக்கினு வந்துடறேன்."

"ஏழு வருஷமா உனுக்காகப் பொய் சொன்னேன். இப்ப அடமானமா வேற போவணும்."

"அடமானம்னு ஏன் நெனைக்கறே? விருந்துன்னு நெனச்சுக்க."

"இந்த வேலை நெஜமாத்தான?"

"ஒரு வருஷம். செஞ்சு மாளாதாம். மானேஜரே சொன்னாரு. கார்ல வந்தாரு."

கனகாம்பாள் உட்கார்ந்து யோசித்தாள். அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. சாயங்காலம் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டு அடுப்பைப் பற்றவைக்கிற ஒரு நாளுக்காக அவள் பழவேற்காட்டுக்கு என்ன, மணலில் நடந்து ஆந்திராவுக்கே போயிருப்பாள். பொன்னேரிக்கென்று கட்டிவைத்த பையையே எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்று சாயங்காலமே பழவேற்காட்டில், படலருகே, செங்கம்மாள் இரண்டு கையாலும் கனகாம்பாளை வரவேற்று உள்ளே அனுப்பினாள். அவள் உள்ளே போய்ச் சேர்ந்ததை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் மாடத்திலிருந்து உளிக்கட்டை எடுத்து வந்து கொடுத்தாள். கட்டில் சட்டத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்து, கனகாம்பாளுக்கு முன்னால் உளுந்து மாவைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"நாளைக்குச் சாயங்காலம்," என்றான் முனிகிருஷ்ணன்.

"எந்த நாளைக்கு?" என்றாள் கனகாம்பாள். ஏழு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவள் மற்றவர்கள் வாயில்தான் கேட்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் முனிகிருஷ்ணன் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பொட்டலுக்கு நடந்தான். நிரம்பிய பெட்டி இவ்வளவு கனக்கும் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. இழைப்புளியின் துருவைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்து எடுத்திருந்தான். ரம்பம் மின்னியது. உளியில் மட்டும் சந்தன வாசனை போகவில்லை.

முள்வேலிக்கு நடுவில் ஒரு கேட். கேட்டில் தொப்பி போட்ட வாட்ச்மேன் சின்னதுரை. உள்ளே ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குப் பக்கத்தில் மரச்சட்டம் அடித்து மூடிய பெரிய மெஷின் ஒன்று நின்றது. அதன்மேல் பூசணிக்கொடி படர்ந்து, நாலு காய் தொங்கிக்கொண்டிருந்தது. காவல் காக்கிற நேரத்திலும் தோட்டம் போடுகிறானே, சுறுசுறுப்பான ஆள் என்று முனிகிருஷ்ணன் நினைத்துக்கொண்டான்.

"புது ஆளா நைனா?" என்றான் சின்னதுரை.

"தச்சு வேலை. ஒரு வருஷம்."

"அப்படியா," என்று கேட்டைத் திறந்துவிட்டான்.

உள்ளே கரணையோடு ஒரு கொத்தனாரும், முகமூடியோடு ஒரு வெல்டரும் வந்திருந்தார்கள். மானேஜர் பூவராகவன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். முனிகிருஷ்ணனின் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பிரமாதம் மேஸ்திரி. செட்டுன்னா இதான் செட்டு. எல்லாத்தையும் எடுத்து வெளியே பரப்புங்க. நல்லா தெரியற மாதிரி."

கொத்தனார் நாலு வரிசை செங்கல் அடுக்கினார். வெல்டர் முகமூடியை மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தார். பொறி வரவில்லை. கரண்டு இன்னும் வரவில்லை என்றார்கள். முனிகிருஷ்ணன் ஒரு பலகைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து இழைக்க ஆரம்பித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு முழு செட்டும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. சுருள் சுருளாக விழுந்த சீவலைப் பார்த்தபோது அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. இனி ஒரே இடம், ஒரே வேலை. சாயங்காலம் சங்கு ஊதியதும் நேரே பழவேற்காடு. தினம் இரண்டு மணி நேரம் கட்டில். பத்து நாளில் பெஞ்சு. அப்புறம் டீச்சருக்கு அந்த ஒரு சாண். எல்லாருக்கும் முடித்துக் கொடுத்துவிட்டு, கனகாம்பாளைக் கடைத்தெருவில் முக்காடு இல்லாமல் நடக்கவிடலாம். அதை நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கியது. மரத்தூள் விழுந்துவிட்டது என்று துடைத்துக்கொண்டான்.

ஜீப் வந்தது. சர்க்கார் ஆபீசர் குடையோடு இறங்கினார். மெஷினைப் பார்த்தார். பூசணிக்காயைப் பார்த்தார். பூவராகவன் சட்டென்று முனிகிருஷ்ணன் பக்கம் கையைக் காட்டினார்.

"மர வேலை ஃபுல் ஸ்விங்ல போயிட்டிருக்கு சார்."

ஆபீசர் கிட்டே வந்து சீவலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எத்தனை நாளா வேலை நடக்குது?"

முனிகிருஷ்ணன் வாயைத் திறப்பதற்குள் பூவராகவன், "நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டு ஆரம்பிச்சாச்சு சார்," என்றார்.

ஆபீசர் தலையை ஆட்டினார். இளநீர் குடித்தார். ஜீப் போனது. ஜீப் ரோட்டில் ஏறி மறையும் வரை எல்லாரும் கும்பிட்டபடி நின்றார்கள்.

பூவராகவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

"சார், நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?" என்று முனிகிருஷ்ணன் ஓடினான்.

"சொல்லி அனுப்பறேன் மேஸ்திரி," என்றார் அவர். கார் கிளம்பிவிட்டது.

கொத்தனார் தாமே அடுக்கிய செங்கல்லைத் தாமே கலைத்து ஓரமாக வைத்தார். வெல்டர் முகமூடியைக் கழற்றிக் கொட்டகைக்குள் மாட்டிவிட்டு பீடி பற்றவைத்தார். முனிகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தபோது, சின்னதுரை அவனுடைய ஆயுதங்களையெல்லாம் பெட்டிக்குள் போட்டு மூடி, பெட்டியைக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டிருந்தான். கையில் பூட்டு இருந்தது.

"அது என்னுது," என்றான் முனிகிருஷ்ணன். "நான் எடுத்துக்கினு போவணும். சாயங்காலம் பழவேற்காட்ல எனக்கு வேலை கீது. ஊட்டுக்காரி அங்க கீறா."

"மானேஜர் உத்தரவு நைனா. உள்ள வந்த பொருளு வெளிய போவக்கூடாது."

"சரி, அப்ப மரத்த காட்டு. இங்கியே குந்திக்கினு வேலைய ஆரம்பிக்கறேன். இருட்டற வரைக்கும் செய்யறேன். இன்னா இருக்குது செய்ய?"

சின்னதுரை பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பூசணிக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தை எடுத்தான்.

"வேலைன்னு ஒண்ணும் இல்ல நைனா, ஆயுதத்தப் போட்டு ஆரம்பிச்ச மாதிரி காட்டிக்கினா சர்க்கார் இந்த எடத்த வேற எவனுக்கும் குடுக்காதாம், மொதலாளிக்கு இப்படி நாலு ஊர்ல எடம் கீது, நானே வந்து ஆறு வருஷம் ஆவுது, நீ ஊட்டுக்குப் போ, அடுத்த ஆபீசர் வர்றப்போ ஆள் அனுப்புவாங்க."